பன்னிரண்டு வோல்ட்

ஒரு மின் இணைப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அது சும்மா இருக்கும்போது தெரியாது. இதை நான் கற்றுக்கொண்டது 2023 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 22 அடி நீளமுள்ள ஒரு தகர வீட்டுக்குள் குளிரில் விறைத்துக்கொண்டு. இதற்காக அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில் ஆட்டோக்களுக்கு வயரிங் பார்க்கிற பையனுக்கு இது தெரியும். நான் அவனிடம் கேட்டதில்லை. புத்தகம் படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சுற்றுவழியாகத்தான் வந்து சேருகின்றன.

ஸ்டீன்பெக் 1960-ல் தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவருவதற்காக ஒரு வண்டியை வீடாகச் செய்துகொண்டு, அதற்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையின் பெயரை வைத்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1962-ல் வெளிவந்த புத்தகத்தைக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து, சக்கரம் வைத்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு பிரமை இருந்து வந்தது. அத்தானின் டிரெய்லரைப் பார்த்த மாத்திரத்தில் அது கலைந்தது. திருநெல்வேலியில் நாங்கள் முன்பு குடியிருந்த ஸ்டோர் வீட்டின் ஒற்றைப் போர்ஷனைத் தூக்கி இரண்டு அச்சின் மேல் வைத்த மாதிரி இருந்தது அது. அடுப்பிலிருந்து கையை நீட்டினால் கட்டில். கட்டிலிலிருந்து காலை நீட்டினால் கக்கூஸ். அத்தான் இதை 2021-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கி, ஃபீனிக்ஸில் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, வீட்டுப் பிளக்கிலிருந்து ஒரு கனத்த வயரை இழுத்துச் செருகி வைத்திருந்தார். அந்த வயர் இந்தக் கதைக்கு முக்கியம்.

இப்படிப்பட்ட வண்டிக்குள் இரண்டு மின்சாரங்கள் உண்டு. ஒன்று வெளியே இருக்கும் கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட். ஏ.சி.யும் மைக்ரோவேவும் அதைத் தின்கின்றன. மற்றது வண்டியின் மூக்கில், இழுவைக் கொக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டரியின் 12 வோல்ட். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, ஹீட்டரின் விசிறி எல்லாம் அதில் ஓடுகின்றன. கம்பத்தில் செருகியிருக்கும்போது கன்வெர்ட்டர் என்கிற ஒரு பெட்டி, 120 வோல்ட்டை 13.6 வோல்ட் அளவில் நேர்மின்சாரமாக மாற்றி இவற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது பாட்டரிக்கு வேலை இல்லை. அது ஒரு மூலையில் மரியாதையோடு வீற்றிருக்கும், ரிட்டயரான பெரியவரைப் போல.

ஹீட்டர் எரிவது காஸில். ஆனால் எரியலாம் என்கிற அனுமதியைத் தருவது 12 வோல்ட். குளிர் அதிகமானால் தெர்மோஸ்டாட் முதலில் விசிறியைச் சுழல வைக்கும். விசிறியின் காற்று, பாய்மரம் என்று அவர்கள் சொல்கிற ஒரு சின்னத் தகட்டைத் தள்ள வேண்டும். தகடு நகர்ந்தால் ஒரு ஸ்விட்ச் மூடும். அதற்குப் பிறகுதான் காஸ் திறக்கும், பொறி பறக்கும், தீ பிடிக்கும். காற்று போதாமல் தீ எரிந்தால் உள்ளே சூடு தேங்கிவிடும் என்பதற்காகச் செய்யப்பட்ட பாதுகாப்பு இது. இதன் விளைவு, வோல்டேஜ் குறைந்தால் விசிறி சுற்றும், ஆனால் தகட்டைத் தள்ளுகிற வேகத்தில் சுற்றாது. சிலிண்டர் நிறையக் காஸ் இருக்கும், விசிறி ஓடுகிற சத்தம் கேட்கும், வருவது என்னவோ குளிர்ந்த காற்று. லோ வோல்டேஜில் வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல. முழுப் பரீட்சை ராத்திரிகளில் டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, கண்ணடித்து, பற்றிக்கொள்ளாமலே இருக்கும். அப்பா ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டே இருப்பார். கரண்ட் இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அக்கா 2012-ல் அங்கே போனவள். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவோம். அம்மா நன்றாக இருக்கிறாள், நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா, நன்றாக இருக்கிறோம். இந்தப் பயணத்துக்கு என் மனசில் ஒரு உத்தேசம் இருந்தது. அம்மாவை விசா அனுமதிக்கிற ஆறு மாசமும் அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவது. பாங்கில் எனக்கு மாற்றல் வரவிருந்தது. என் மனைவிக்கும் வேலை. சௌகரியமான நேரத்தில் பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கிராண்ட் கான்யனின் தென்கரையில் கம்பமும் பிளக்கும் உள்ள முகாம் நிறைந்துவிட்டிருந்தது. பக்கத்திலேயே மாதர் முகாம். பைன் மரங்களுக்கு நடுவே நல்ல இடம், ஆனால் அங்கே கம்பம் கிடையாது. பாட்டரிதான், அல்லது அவரவர் ஜெனரேட்டர். ஜெனரேட்டரையும் ராத்திரியில் ஓட்டக்கூடாது என்பது விதி. ஃபீனிக்ஸ் பாலைவனம். அங்கே ஹீட்டர் தேவைப்படுவது அபூர்வம். அத்தான் இரண்டு வருஷத்தில் அதைப் போட்டுப் பார்த்தது இரண்டு மூன்று தடவை, அதுவும் முற்றத்தில், வயர் செருகியிருக்கும்போது.

முதல் ராத்திரி சின்ன ஜெனரேட்டர் ஓடிய வரையில் ஹீட்டர் எரிந்தது. நேரமானதும் அத்தான் ஜெனரேட்டரை நிறுத்தினார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்தது குளிர்ந்த காற்று. வெளியே பூஜ்யத்துக்கு 3 டிகிரி கீழே. அம்மா குரங்குக் குல்லாய்க்கு மேல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் அக்காவின் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கலாம் என்றாள் அக்கா. அத்தான் கூடவே கூடாது என்றார். அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும், மணமில்லாத விஷம், உறக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அவர் சொன்னது சரி. சுவரில் பாட்டரியின் நிலையைக் காட்டும் நான்கு சின்ன விளக்குகள் இருந்தன. ஹீட்டரை அணைத்துவிட்டுப் பார்த்தால் நான்கும் எரிந்தன. ‘பாட்டரி கிழடு. இந்த லைட்டெல்லாம் சும்மா. நாளைக்கு மாத்திடுவோம் மாப்ளே’ என்றார். ஜெனரேட்டர் இருந்தால் எரிகிறது, பாட்டரியில் எரியவில்லை, ஆகவே பாட்டரி பழுது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்றே எனக்கும் பட்டது.

மறுநாள் 130 கிலோமீட்டர் தள்ளி ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் போய், நூற்றுச் சில்லறை டாலர் கொடுத்துப் புதுப் பாட்டரி வாங்கி வந்தோம். அன்று ராத்திரியும் ஜெனரேட்டரை நிறுத்தியதும் அதே விசிறி, அதே சோம்பல், அதே குளிர். இனி பாட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தான் ஹீட்டரையே குற்றம் சொன்னார். அக்கா அத்தானைச் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘அம்மாவுக்கு இந்தக் குளிர் ஆகாது, ஒன் வீட்டுலயே இருந்திருக்கலாம்’ என்றேன்.

‘ஒன் வீடா?’ என்றாள் அக்கா. ‘அம்மாவ இங்க விட்டுட்டுப் போகத்தானல வந்திருக்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன் பொண்டாட்டி போன்ல ரெண்டு வார்த்தை பேசினதுலயே எனக்குத் தெரியும்.’

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அப்பாவின் கடைசி மாசங்களில் யார் எங்கே இருந்தார்கள், யார் பணம் அனுப்பினார்கள், யார் பெட்பான் எடுத்தார்கள் என்றெல்லாம் போயிற்று. பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்கூட இவை வந்ததில்லை. 22 அடி நீளத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருக்காது. நடுவில் அம்மாவின் குரல் வந்தது, கோபமில்லாமல், மேல்கட்டிலின் நிழலிலிருந்து: ‘நான் எங்க இருக்கணும்னு எங்கிட்ட யாராச்சும் கேட்டியளா?’

யாரும் கேட்டிருக்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

காலையில் பக்கத்து இடத்திலிருந்து ஒரு கிழவர் காபிக் கோப்பையோடு வந்தார். டெலிபோன் கம்பெனி ஒன்றில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது டிரெய்லரே வீடு என்று சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் 48 வோல்ட் பாட்டரியில் ஓடுகிறவை. வாழ்நாளெல்லாம் நேர்மின்சாரத்தோடு பழகிய கை. அத்தான் ஹீட்டரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன அளந்தாய் என்று கேட்டார். பாட்டரியில் 12.6, ஹீட்டருக்கு வருகிற வயரிலும் 12.6 என்றார் அத்தான், மல்டிமீட்டரைக் காட்டி. அளக்கும்போது ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டார் கிழவர். இல்லை. அப்படியானால் நீ ஒன்றையும் அளக்கவில்லை என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் தான் அளக்கிற வயரிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே எடுத்துக்கொள்வதில்லை. அதன் நற்குணமே அதுதான். பாட்டரிக்கும் அளக்கிற இடத்துக்கும் நடுவே துருப்பிடித்த ஒரு கண்ணி, நூலிழை அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கேட்கிற துளி மின்சாரம் அந்த இழை வழியாகச் சுகமாக வந்துவிடும். மீட்டர் 12.6 என்று காட்டும். அது பொய் இல்லை. ஆனால் விசிறி கேட்பது 7 ஆம்பியர். அந்த இழையில் அது நெருக்கியடித்துக்கொண்டு வரும்போது வோல்டேஜ் அங்கேயே செலவாகிவிடுகிறது. கேட்காதவரை முழுசாக இருப்பதும், கேட்டவுடன் இல்லாமல் போவதும் ஒரே இணைப்பின் குணம். பளு இல்லாமல் எடுத்த அளவு, இணைப்பு அறுந்துபோகவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது.

கிழவர் விசிறியை ஓடவிட்டார். ஓடினதும் உள்ளே விளக்குகள் மங்கியதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். இரண்டு ராத்திரி அந்த மங்கலில்தான் சண்டை போட்டிருக்கிறோம், கவனிக்கவில்லை. முதலில் பாட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே அளந்தார். 12.4. பாட்டரி குற்றமற்றது. நல்ல ஈய பாட்டரி முழுச் சார்ஜில், ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்தது. 12-க்குக் கீழே போக விடுவது அதன் ஆயுளுக்குக் கேடு. சார்ஜரை எடுத்தவுடன் அளந்தால் மேலோட்டமான ஒரு மிகைக் கணக்குக் காட்டும், அதையும் நம்பக்கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஹீட்டரின் இரண்டு வயருக்கும் நடுவே அளந்தார். 10.1. நடுவழியில் 2.3 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

பாங்கில் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கட்டம் பரிச்சயமானது. சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து புரட்டுகிறவன் புதுசாக வந்தவன். நான் சேர்ந்தபோது இருந்த ஹெட் காஷியர் சொல்லிக்கொடுத்தது வேறு. முதலில் வித்தியாசத்தைப் பார். அது 9-ஆல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 2-ஆல் வகுபட்டால், பாதித் தொகை வரவுக்குப் பதிலாகப் பற்றில் போயிருக்கலாம். பிறகு கணக்கை இரண்டாக வெட்டு. எந்தப் பாதியில் வித்தியாசம் இருக்கிறதோ அதை மறுபடி வெட்டு. கிழவர் செய்தது இதைத்தான். விசிறி ஓடிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிட்டிவிலும் மறுமுனையை ஹீட்டரின் பாஸிட்டிவிலும் வைத்தார். ஒரே வயரின் இரண்டு கோடி, நியாயமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.3 காட்டியது, அவ்வளவு நீள வயருக்கு மன்னிக்கலாம். அதே மாதிரி நெகட்டிவ் பக்கம் வைத்தார். 2.0. கூட்டினால் 2.3, டேலி. கிர்ஹாஃப் என்கிற ஜெர்மானியர் 1845-லேயே இந்தக் கூட்டலை விதியாகச் சொல்லிவிட்டார். ஒரு சுற்றில் எங்கெங்கே எவ்வளவு செலவானாலும், மொத்தம் கொடுத்ததற்குச் சமமாக வந்தே தீரும்.

நெகட்டிவ் பக்கத்தை மறுபடி இரண்டாக வெட்டினார். இந்த வண்டிகளில் திரும்பிவரும் மின்சாரத்தைப் பாட்டரிவரை வயரில் கொண்டுவருவதில்லை. வண்டியின் இரும்புச் சட்டமே பொது எர்த். ஹீட்டரிலிருந்து சட்டம்வரை 0.1. சட்டத்திலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் முனைவரை 1.9. அந்த வழியில் இருந்தது ஒரு முழத்துக்கும் குறைந்த ஒரு கறுப்பு வயரும், அதைச் சட்டத்தோடு முடுக்கியிருந்த ஒரு போல்ட்டும்தான்.

டார்ச் பிடிக்கிறவன் என்கிற முறையில் நானும் வண்டியின் மூக்குக்கு அடியில் படுத்தேன். மண் பனியில் இறுகிக் கிடந்தது. போல்ட்டைத் தொட்டுப் பார் என்றார் கிழவர். தொட்டேன். வயர் முனையின் வளையம் இளஞ்சூடாக இருந்தது. 1.9 வோல்ட்டை 7 ஆம்பியரால் பெருக்கினால் 13 வாட்டுக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்கு வந்து சேர வேண்டிய சக்தியில் ஒரு பங்கு, துருவைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு ராத்திரியும் அந்த வண்டியில் குளிராமல் இருந்த ஒரே இடம் பழுதான இடம்தான்.

சரிசெய்ய அரைமணிகூட ஆகவில்லை. முதலில் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். போல்ட்டை எடுத்தார். வளையத்துக்கு அடியில் யாரோ சட்டத்தின் பெயின்டைச் சுரண்டாமலே முடுக்கியிருந்தார்கள். பெயின்டின் விரிசலில் வருஷக்கணக்காகத் துரு ஏறியிருந்தது. வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை தேய்த்தார். பல் வைத்த வாஷர் ஒன்றைத் தன் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டு முடுக்கினார். மேலே பூச ஏதாவது பிசுக்கு வேண்டும் என்றார். பாத வெடிப்புக்கு அம்மா வைத்திருந்த வாஸலின் டப்பா வந்தது. அவளே இறங்கிவந்து கொடுத்தாள், என்ன ஏது என்று கேட்காமல். மறுபடி ஓடவிட்டு அளந்தபோது 1.9 இருந்த இடத்தில் 0.04. ஹீட்டரில் 12. விசிறியின் சத்தமே வேறாக இருந்தது. டிக் டிக் என்று பொறி, பிறகு பொக்கென்று ஒரு மூச்சு, பிறகு சூடான காற்று.

வீட்டு முற்றத்தில் இரண்டு வருஷம் இது ஏன் தெரியவில்லை என்று அத்தான் கேட்டார். கன்வெர்ட்டரின் மின்சாரம் நேரே விளக்குக்கும் விசிறிக்கும் போய்த் திரும்பிவிடுகிறது. பாட்டரியின் எர்த் வழியாக அது போவதே இல்லை. ஜெனரேட்டர் ஓடும்போதும் அப்படித்தான். அந்தப் போல்ட்டை யாரும் ஒன்றும் கேட்காததால் அது நன்றாக இருந்தது. வண்டிகளின் 12 வோல்ட் கோளாறுகளில் தான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை எர்த் பக்கம்தான் என்றார் கிழவர். போகிற வழியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், திரும்பி வருகிற வழியும் வழிதான் என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

மின்தடையின் விதியை ஓம் 1827-ல் புத்தகமாக வெளியிட்டபோது அவர் கொலோன் நகரத்தில் பள்ளி வாத்தியார். ஜெர்மனியில் அதற்குக் கிடைத்த வரவேற்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சோதனையால் இயற்கையை அறிய முடியும் என்பதிலேயே நம்பிக்கையற்ற தத்துவச் சூழல் அது. அவர் வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது 1841-ல். பதினாலு வருஷம் கழித்து. ஓமை நிராகரித்தவர்கள் முட்டாள்கள் அல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் புத்தகத்தைப் படித்தார்கள். வயரை எடுத்துப் பார்க்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் சில இதழ்களுக்கு முன் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வாசகர்களில் பாதிப்பேருக்கு நினைவிருக்கும், மொத்தமே அவ்வளவு பேர்தானே. அதில் ஒரு கவிதை. விற்றுவிட்ட வீட்டின் சாவியை இன்னும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற ஒரு தாய். அது வெறும் தகவல், கவிதையின் தளத்துக்கு உயரவில்லை என்று எழுதினேன். வேறொரு கவிதையின் படிமங்களை மிகவும் சிலாகித்திருந்தேன். நண்பர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

அந்தத் தொகுதியை நான் படித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மனசில் வேறு காரியம் எதுவுமில்லாமல். விமர்சகன் விருப்பு வெறுப்பற்று, எதையும் எதிர்பாராமல் பிரதியை அணுக வேண்டும் என்று நானே வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். மல்டிமீட்டரின் நற்குணத்தைத்தான் விமர்சகனின் லட்சணமாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டாம் நாள் ராத்திரி, அம்மா அப்படிக் கேட்டுவிட்டு மௌனமான பிறகு, எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சாவிதான். நான் சிலாகித்த படிமங்களில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அவை மங்கிப்போயிருந்தன. சாவிக் கவிதை தாங்கியது. அதன் ஒரு சொல்கூட அழகில்லை, ஆனால் அது தாங்கியது.

உடனே இதிலிருந்து ஒரு கொள்கையை உருவாக்கும் ஆசை எனக்கும் இருக்கிறது, உங்களில் சிலருக்கும் இருக்கும். துன்பத்தில் உதவுவதுதான் கவிதை என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு நான் சேர மாட்டேன். குளிரில் எதுவும் உருக்கமாகத்தான் இருக்கும். பாட்டரி செத்துப்போவதும் உலகத்தில் உண்டு. கிழவரும் முதலில் பாட்டரியைத்தான் அளந்தார். அந்தத் தொகுதியில் ஏழெட்டுக் கவிதைகளைப் பற்றி என் அபிப்பிராயம் ஊருக்கு வந்து மறுபடி படித்த பிறகும் மாறவில்லை. ஆனால் சாவிக் கவிதையைப் பற்றி நான் எழுதியது தப்பு. எழுதிய இடத்திலேயே அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான், ஆசிரியர் வேறொரு கட்டுரை கேட்டிருக்க, இதை எழுதுகிறேன். நண்பருக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கலாம். குற்றம் சாட்டியது பத்திரிகையில், மன்னிப்பு மட்டும் தபாலில் என்பது சரியல்ல.

மூன்றாம் நாள் ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தின பிறகும் ஹீட்டர் எரிந்தது. வெளியே முந்தின நாளைவிடக் குளிர். யாரும் யாரிடமும் சமாதானம் பேசவில்லை. அக்கா அடுப்பில் பால் காய்ச்சினாள். டம்ளரை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: ‘ஒனக்கு எங்கம்மா இருக்கணும்?’

அம்மா பால் ஆறுகிறவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: ‘எனக்கு எங்கயும் இருந்துக்கிடலாம். இவன் தனியா இருந்தா சாப்பிட மாட்டான். நீ தனியா இருந்தா அழுவ. ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாச்சும் ஊரு இருந்தாச் சொல்லு.’

நானும் அக்காவும் பதில் சொல்ல இல்லாமல் விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பதில் இன்றுவரை இல்லை. அம்மா அந்தத் தடவை மூன்று மாசம் அங்கே இருந்துவிட்டு வந்தாள். மாற்றலான ஊரில் இப்போது என்னோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் சில வாரம் ஒரு மணி நேரம் நீள்கிறது, சில வாரம் கோபத்தில் பாதியில் அறுந்துபோகிறது.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, எல்லாரும் உறங்கிவிட்டார்கள் என்று நான் நினைத்த நேரத்தில், அம்மா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: ‘இந்த இரைச்சல்ல மனுசன் உறங்க முடியுமா? அதக் கொஞ்சம் அணைச்சுப் போடுல.’

அக்கா எழுந்துபோய் இரண்டு டிகிரி குறைத்துவிட்டு வந்து படுத்தாள்.